மாமரத்தடிப் புல்

சத்தியவேட்டுப் பக்கம் எங்கள் ஊர் சர்க்கார் பங்களாவில் ஒரு பெரிய மாமரம். அதன் நிழலில் எதை நட்டாலும் செத்துப் போகும். அருகம்புல்லே அங்கே பிழைக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று தோட்டக்காரர்கள் அந்தத் தரையோடு மல்லுக்கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நாலாவதாக வந்தவர் நாகபூஷணம்.

மதராஸிலிருந்து வந்த இஞ்சினியர் ஒருவர் கூடையில் கொஞ்சம் புல் கொண்டுவந்து கொடுத்தார். லில்லி என்று தொடங்கும் ஏதோ ஒரு இங்கிலீஷ் பேர். நாகபூஷணத்துக்கு அது இஞ்சினியர் புல்லு. நாடா போல நீண்ட கரும்பச்சை இலை, மழை விட்டதும் ஊதாக் கதிர், அப்புறம் மிளகு போலக் கறுப்புக் காய். ஐப்பசி மழையில் தூரைப் பிரித்து, சாணுக்கு ஒன்றாக நடுவார். குருத்தின் அடி மண்ணுக்குள் போகக்கூடாது, போனால் அழுகிவிடும். விளக்குமாறு போட்டால் குருத்தோடு வந்துவிடும் என்று மாஞ்சருகைக் கையால்தான் பொறுக்குவார். மாசியில் ஒரே ஒரு தடவை அரிவாளால் தரையோடு அறுப்பார். பங்குனியில் புதுக் குருத்து வரும்.

சில வருஷத்தில் மரத்தடி முழுக்கப் பச்சையாகிவிட்டது. உடனே சுற்றிலும் நாலு கழி நட்டுத் தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டினார். அன்றிலிருந்து ஊரில் இருந்த ஒரே நல்ல நிழல் யாருக்கும் இல்லாமல் போயிற்று. மேய்கிற புல் இல்லை அது, மிதிபட்டால் அப்படியே படுத்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். அவர் மனைவி செங்கம்மா கூடக் கயிற்றைத் தாண்டியதில்லை. "எனக்கு முள்ளு குத்துனா திரும்பிப் பாக்காது. புல்லை எறும்பு கடிச்சா ஓடும்" என்பாள். உண்மைதான்.

அப்புறம் எல்லைத் தகராறு வந்தது. ஆந்திரா தனியாகப் பிரிந்து, இந்த ஊர் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று வருஷக்கணக்காக இழுத்தது. மதராஸோடு இருக்க வேண்டும் என்ற கட்சிக்குக் கன்னையா தலைவர். நான் அவர் பின்னால் கொடி பிடித்தவன். ஆந்திராவுக்குப் போக வேண்டும் என்றவர்களுக்குப் பாலையா. இரண்டு பேருக்கும் கூட்டம் போட அந்த மரத்தடிதான் வேண்டியிருந்தது. நாகபூஷணம் இரண்டு கூட்டத்தையும் கிணற்றோரம் வெயிலுக்கு விரட்டினார்.

"நீ தமிழன்தானே, நெஞ்சுல கொஞ்சமாச்சும் ஈரம் கீதா?" என்று கன்னையா ஒருநாள் கத்தினார்.

"கீது நைனா. காலைல நாலு கொடம் ஊத்திகினு வந்தேனே" என்றார் நாகபூஷணம், புல்லைப் பார்த்தபடி.

எனக்கு வந்த கோபத்தில் கயிற்றை அறுத்திருப்பேன். கன்னையாதான் கையைப் பிடித்தார். பாலையாவின் ஆட்களுக்கு நாகபூஷணம் மதராஸ் கைக்கூலி, எங்களுக்குத் துரோகி. இரண்டு கட்சியும் ஒத்துப்போனது அந்த மனுஷரைத் திட்டுவதில் மட்டும்தான்.

கடைசியில் முடிவாகிவிட்டது. திருத்தணி மதராஸுக்கு. நாங்கள் ஆந்திராவுக்கு. அறுபதாம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி கைமாறுகிறது என்றார்கள். அன்று காலை புது அதிகாரி பங்களாவைப் பார்க்க வருகிறார், மனசுக்குப் பிடிக்காத வேலையாட்களை நிறுத்திவிடுவார் என்று பேச்சு. நாகபூஷணத்துக்குக் காட்ட இருந்தது அந்தப் புல் ஒன்றுதான். பங்குனிக் குருத்து அப்போதுதான் விரற்கடை வந்திருந்தது. ஒரு கால் பட்டாலும் தெரியும்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் கன்னையா வந்தார். கூட நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பேச ஒன்றும் இல்லை. வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பழக்க தோஷத்தில் கிணற்றோரம் போய் வெயிலில் நின்றோம். கன்னையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

சருகு பொறுக்கிக்கொண்டிருந்த நாகபூஷணம் எழுந்தார். ஒரு கழியிலிருந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னாத்துக்கு வெயில்ல நின்னுகினு கீறீங்க? உள்ள வந்து குந்துங்க."

நாங்கள் அசையவில்லை. "புல்லு?" என்றார் கன்னையா.

"புல்லுதானே" என்றார் நாகபூஷணம்.

உட்கார்ந்தோம். கீழே சில்லென்று இருந்தது. இத்தனை வருஷம் சண்டை போட்ட இடம் இவ்வளவு குளிர்ச்சியா என்று இருந்தது. பொழுது சாயும் வரை இருந்தோம். செங்கம்மா மோர் கொண்டுவந்து, கயிறு இல்லாததைப் பார்த்து, புருஷனுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை வேடிக்கை பார்க்க வாசலில் கூடினோம். பாலையா மாலையோடு நின்றார். ஜீப்பில் வந்த அதிகாரி நேராக மரத்தடிக்குத்தான் போனார். புல் பத்துப் பன்னிரண்டு இடத்தில் வட்டம் வட்டமாகப் படுத்துக் கிடந்தது. விடியற்காலையிலிருந்து நாகபூஷணம் கையால் நிமிர்த்திப் பார்த்தும் எழவில்லை.

யார் இதன்மேல் உட்கார்ந்தது என்று அதிகாரி தெலுங்கில் அதட்டினார். பாலையா திரும்பி எங்களைப் பார்த்தார். நான் கன்னையாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

நாகபூஷணம் கைகட்டி நின்று, தெலுங்கிலேயே சொன்னார்.

"மன ஜனமேனண்டி."

நம்ம ஜனம்தாங்க. கன்னையா தலையைக் குனிந்துகொண்டார்.