மேனேஜர் வரிசையில் நின்ற நாள்

இன்று காலை குளியலறை மூலையில் கிடந்த நீலக் கேனைத் தூசி தட்டி எடுத்தேன். இத்தனை வருஷமாகியும் டீசல் வாடை போகவில்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு பங்க்கில் நான் டீசல் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் மேனேஜர் வைத்திருந்த கேன் அது. மாற்றலாகிப் போகும்போது என்னிடம் விட்டுப் போனார்.

அந்தக் கோடையில் டீசல் ஒழுங்காக வரவில்லை. ஒரு லோடுக்கு ஆளுக்கு ஐந்து லிட்டர், அதற்குமேல் சொட்டுக்கூடக் கிடையாது என்றார் மேனேஜர். காலையிலேயே கேன்கள் வரிசைகட்டி நிற்கும், ஆட்கள் டீக்கடையில் இருப்பார்கள். பக்கத்தில் கடலை போட்டிருந்த அக்காவுக்கு ஐந்து லிட்டர் போதவில்லை. காய் பிடிக்கிற நேரம். கிணற்று இன்ஜின் முழுசாக ஒரு தண்ணீர் இறைக்காவிட்டால் போட்டதெல்லாம் போச்சு. அக்கா கெஞ்சினார், அழுதார். மேனேஜர் அசையவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது.

மறுநாள் அவருக்கு விடுமுறை. பார்த்தால், கைலியைக் கட்டிக்கொண்டு நீலக் கேனோடு வரிசையில் நிற்கிறார். நான் முழித்தேன். "லீவுல நான் மேனேஜர் இல்லம்மா, ஊத்து" என்றார். காசைக் கொடுத்துவிட்டு நேரே போய் அக்காவிடம் கேனை நீட்டினார். இதை நேற்றே தந்திருக்கலாமே என்று அக்கா கேட்டார். "நேத்து குடுத்திருந்தா அது அடுத்தவங்களுது. இது என் பங்கு."

கடலை பிழைத்தது. என் ஆத்திரமும் கரைந்தது. ஆனால் அன்று டீசல் தீர்ந்தபோது வரிசையில் ஒரே ஒரு பெரியவர் மிச்சம். வெறுங்கேனோடு திரும்பிப் போனார். இன்ஜினே இல்லாத மேனேஜருக்குப் பங்கு எங்கிருந்து வந்தது? அடுத்த லோடு வந்தபோது சைக்கிள் மட்டும் வைத்திருந்தவர்கள்கூடக் கேனோடு வந்துவிட்டார்கள், மேனேஜரே நின்றாரே என்று. சிலர் வாங்கிச் சொந்தக்காரருக்குக் கொடுத்தார்கள், சிலர் கூடுதல் விலைக்கு விற்றார்கள். வரிசையில் நிற்கும்போது யார் எந்த ரகம் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் ஊற்றினேன். எது நியாயம் என்று யோசித்தால் இன்றைக்கும் தலை சுற்றுகிறது.

இப்போது மறுபடி தட்டுப்பாடு. விடிந்ததும் அந்த அக்கா போன் செய்தார். "ஒனக்குத்தான் இன்ஜின் இல்லையே தாயி, ஒன் பங்கை வாங்கிக் குடு." சரி, வாரேன் என்று சொல்லிவிட்டேன். நீலக் கேனோடு போய் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் கடைசியாக நிற்பது யார் என்று திரும்பிப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.