சந்தனப் பொட்டு வைத்த எஞ்சின்

கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் சித்திகா காது கொடுத்துக் கேட்டால், அடுத்த வீட்டு மிக்ஸி பயந்துபோய் ஒழுங்காக ஓடும் என்பார்கள். ஒரு கிரைண்டர் அவளைக் கண்டதும் தானே நின்று தன் நோயைச் சொன்னதாகவும் கேள்வி. இதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். மீதிப் பாதிதான் அவளுக்குச் சோறு போட்டது.

கோழிப்பண்ணை வைத்து மேலே வந்த தம்பிதுரை, கல்யாணக்காரர்களையும் மில் முதலாளிகளையும் ஏற்றிச் செல்ல இரண்டு சிறு விமானங்கள் வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு எஞ்சின். அதில் பொருத்திய சென்சார்கள் காட்டும் சூட்டையும் அதிர்வையும் பார்த்து, எது எப்போது பழுதாகும் என்று முன்கூட்டிச் சொல்வது சித்திகாவின் வேலை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் முதல் விமானத்தின் அதிர்வு எகிறியது.

"எஞ்சினைக் கழட்டிப்போடுங்க சார்" என்றாள்.

எஞ்சின் பெங்களூர் போனது. பிரித்துப் பார்த்தவர்கள், ஒரு குறையும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் ஐப்பசி முகூர்த்தங்கள் கைவிட்டுப் போயிருந்தன.

விமானத்திலேயே தங்கிவிட்ட சென்சார் ஒயரின் முனையை அப்போதுதான் சித்திகா பார்த்தாள். உள்ளே காய்ந்த சந்தனம். முதலாளியின் மனைவி நாச்சியம்மாள் ஒரு திருகாணியைக்கூட விடாமல் பொட்டு வைத்ததில் வழிந்து இறங்கியது. துப்பட்டாவால் துடைத்தாள். பூஜைச் சந்தனம்தான் காரணம் என்று, சித்திகா என்ற முஸ்லிம் பெயரை வைத்துக்கொண்டு அந்த விமானக் கொட்டகையில் சொல்ல முடியுமா?

"என்ற கணக்குல தப்புங்க சார்" என்று சொல்லிவிட்டாள்.

தை மாதம் இரண்டாவது விமானத்தின் எண்ணெய்ச் சூடு ஏறியது, கூடவே அதிர்வும். இம்முறை சென்சாரைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ஏறிக்கொண்டேதான் இருந்தது.

"பேரிங் தேயுதுங்க சார். பறக்க விடாதீங்க."

"ஏனம்மணி, போன தடவையும் இதையேதான சொன்னே? முகூர்த்தம் முடியட்டும்."

"அன்னிக்கு சென்சார்ல சந்தனம் எறங்கிப்போச்சுங்க."

தம்பிதுரையின் முகம் மாறியது. "அப்ப எங்கூட்டம்மா வெச்ச பொட்டுதான் தப்புங்கறயா? இத்தனை நாள் கழிச்சா?"

அதோடு அவர் எழுந்து போய்விட்டார்.

விமானி யஷ்வந்த் கிளம்பும்போது வழக்கம்போல் சீண்டினான். "ஏனுங் ஜோசியரே, இன்னிக்கு நான் திரும்பி வருவனா?"

"வெளையாட்டில்லீங்க. போகாதீங்க."

"பிரியாணி வாங்கி வெய்யுங்க, வாரேன்."

பெண் வீட்டாரை ஏற்றிவரத் தனியாகப் போனவனுக்கு உடுமலைக்கு மேலே எஞ்சின் நின்றது. மக்காச்சோளக் காட்டில் இறக்கினான். உயிர் தப்பியது; முதுகெலும்பு தப்பவில்லை.

"அழுத்திச் சொல்லியிருக்கலாமில்ல?" என்று தம்பிதுரை அவளைத்தான் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் யஷ்வந்துக்குச் சாத்துக்குடி உரித்தபடி, சந்தனக் கதை முழுவதையும் சித்திகா சொன்னாள். அவன் கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா?"

"அடுத்த நாள் நான் வேலையில இருந்திருக்க மாட்டனுங்க."

"நான் இருந்திருப்பனுங்க."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.