இரைச்சல் என் காதில் இல்லை

மனைவி மறைந்தபின் மேலப்பாளையம் வீட்டில் தனியாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் துபாயிலிருந்து மகள் லேப்டாப்பில் பேசுவாள். ஒருமுறை ஹெட்போனில் விடாமல் இரைச்சல். காதுதான் கெட்டுவிட்டது என்று பயந்தேன். அவளிடம் சொல்ல மனம் வராமல், வேலை இருப்பதாகப் பொய் சொல்லி மூன்று வாரம் தவிர்த்தேன். அந்த மூன்று வாரமும் வீட்டில் வேறு குரலே இல்லை.

பிறகு ஒருநாள் லேப்டாப்பைத் தொட்டதும் விரல் சுரீரென்றது. எலக்ட்ரீஷியனை அழைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரைச்சலையும் சொன்னேன். அவர் சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றது.

"பிளக் பாயிண்ட்ல எர்த் வயர் கழண்டு கெடக்கு அண்ணாச்சி. அதான் ஹெட்போன்ல இரையுது. பெரிய ஷாக் அடிக்காம தப்பிச்சிய" என்று சொல்லிச் சரிசெய்தார்.

அன்றே மகளை அழைத்து உண்மையைச் சொன்னேன். "காது கேக்கலன்னாலும் என் மொகத்தப் பாக்கலாம்லா, வாப்பா?" என்றாள்.

இனி எப்போதாவது இரைச்சல் வந்தால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை அழைப்பை எதற்காகவும் தவிர்ப்பதில்லை.