முதல் உறைபனிச் சனிக்கிழமை

சனிக்கிழமை காலை யாகோதா ஜன்னலைத் திறந்தாள். புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"போச்சு," என்றாள்.

வெள்ளிக்கிழமை வரை நல்ல வெயில். அந்த வருடத்தின் முதல் உறைபனி அன்றைக்குப் பார்த்துத்தான் விழ வேண்டுமா? குளிர் இறங்கிய முதல் சனிக்கிழமை ஸ்லவோனியா வட்டாரத்து ஊர்களில் யாரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். இறைச்சி கெடாத குளிர் என்று, குளிர்காலத்துக்குச் சேர்த்துவைக்கப் பன்றி அறுப்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தும் அவள் நவம்பர் சனிக்கிழமையாகப் பார்த்துக் கூட்டம் வைத்திருந்தாள்.

யாகோதா பேக்கரியில் ரொட்டி விற்பவள். குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு மல மாதிரி எடுத்து அனுப்பும் சிறு பெட்டி தபாலில் வந்தபோது, பொழுது போகாமல்தான் எடுத்து அனுப்பினாள். கட்டி இருந்தது. ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டார்கள். அனுப்பாமல் விட்டிருந்தால்? அந்தக் கேள்வி அவளை ஒரு இடத்தில் இருக்கவிடவில்லை. வட்டாரப் புற்றுநோய்த் தடுப்புக் கூட்டணி தொடங்கியதும் ஊர்ப் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கினாள். தீயணைப்புப் படை, மகளிர் சங்கம், வேட்டைக்காரர் சங்கம் எல்லாம் பெயருக்கு உறுப்பினர்கள். கூட்டம் என்றால் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஊருக்கு வந்த பெட்டிகளில் பாதி பிரிக்காமலே கிடந்தன.

இன்று நகரத்திலிருந்து கூட்டணியின் டாக்டர் நெவென்கா வருகிறார். சங்கங்கள் ஏதாவது ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் கூட்டணி இங்கே தொடரும். இல்லையென்றால் இந்த ஊரை விட்டுவிடுவார்கள்.

தீயணைப்பு நிலைய மாடியில் டாக்டரும் அவளும் மட்டும் இருந்தார்கள். யாகோதா நாற்காலிகளை நேராக்கினாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்து மறுபடி நாற்காலிகளை நேராக்கினாள்.

"யாரும் வர மாட்டாங்க போலிருக்கே," என்றார் டாக்டர்.

"பன்னி கத்துறது கேக்குதா? என் கூட்டம் அங்கதான் இருக்கு டாக்டர். கோட்டை மாட்டுங்க, போலாம்."

தீயணைப்புப் படைத் தலைவர் ஸ்டிப்போவின் முற்றத்தில் பாதி ஊர் இருந்தது. ஸ்டிப்போ, யாகோதாவின் மகளுக்கு ஞானத்தந்தை. அந்த உறவுக்கு அவர் அவளைக் 'கூமா' என்பார், அவள் 'கூமே' என்பாள். அவர் சாசேஜ் அடைக்கக் கழுவிய பன்றிக் குடலை ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா கூமா, ரக்கியா குடி, வீட்டுல காய்ச்சுன பழச் சாராயம். என்ன மூஞ்சி இது, பன்னிக்குத் துக்கமா?"

"கூட்டம் இருக்குன்னு சொன்னேனே கூமே!"

"கூட்டத்த அடுத்த வாரம் வெச்சுக்கலாம். பனிய அடுத்த வாரம் வான்னு சொல்ல முடியுமா?"

"பன்னிக் குடலை இந்தப் பார்வை பாக்குறீங்க. உங்க குடலை யாரு பாத்தா?"

முற்றம் சிரித்தது. ஸ்டிப்போ சிவந்துபோனார்.

"அதப் பெட்டியில போட்டுத் தபால்ல அனுப்பணுமாம்! தபால்காரன் என் மச்சான். சாகுற வரைக்கும் கிண்டல் பண்ணுவான்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மகளிர் சங்கத் தலைவி காத்தா நிமிர்ந்தாள். "ஊர்ல எல்லாருக்கும் வர்றதுதான் உனக்கும் வருது. பெரிய சீமான்!"

அந்த முற்றத்தில் சும்மா நிற்பது வழக்கமில்லை. யாரோ டாக்டருக்கு ஏப்ரன் கட்டிக் கையில் கத்தியையும் கொடுத்துவிட்டார்கள். அவர் கொழுப்பை நறுக்கத் தொடங்கினார். யாகோதா மட்டும் அங்கும் இங்கும் நடந்தாள்.

"அடுத்த மாசமும் எங்களுக்கு நேரமில்ல," என்றார் ஸ்டிப்போ. "புது வருஷக் காலண்டர் குடுக்க வீடு வீடாப் போகணும்."

யாகோதா நின்றாள். "எல்லா வீட்டுக்குமா?"

"ஒண்ணு விடாம. பாதிரியாருக்குக் கதவத் திறக்காதவன்கூட எங்களுக்குத் திறப்பான்."

"அப்போ கூட்டத்துக்கு நீங்க வரவே வேண்டாம் கூமே. காலண்டர் குடுக்கும்போது பெட்டி என்னாச்சுன்னு கேளுங்க. வெச்சிருந்தா அனுப்பச் சொல்லுங்க. வெக்கப்பட்டா நீங்களே வாங்கிட்டு வாங்க."

"தீயணைக்கிற ஆளுங்களுக்கு இந்த வேலையா!" மறுபடி சிரிப்பு. ஸ்டிப்போ சிரிக்கவில்லை. "நான் கேட்டா, 'நீ அனுப்பினியா தலைவரே'ன்னு திருப்பிக் கேப்பாங்களே."

"கேப்பாங்க."

அவர் கையிலிருந்த குடல் காற்று போய்த் தொங்கியது.

"அப்புறமும் குடுக்காதவங்க வீட்டுக்கு நாங்க போறோம்," என்றாள் காத்தா. "தலைவர் பயப்படாம இருந்தாப் போதும்."

"யாருக்குடி பயம்?" ஸ்டிப்போ கையைக் கழுவிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். பெட்டியோடு திரும்பி வந்து டாக்டர் முன்னால் நின்றார். "நாளைக்குக் காலையில செய்யலாமா? இன்னிக்கு… ஊரே வாசல்ல நிக்குது."

"தாராளமா," என்றார் டாக்டர். பிறகு யாகோதாவிடம், "இங்க தொடரலாம். காலண்டர் எப்பக் குடுக்குறாங்கன்னு மட்டும் சொல்லுங்க," என்றார்.

யாகோதா ஏற்கெனவே பக்கத்து முற்றத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேட்டைக்காரர் சங்கத்து ஆட்கள் அங்கே இன்னொரு பன்றியை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏப்ரனக் கழட்டாதீங்க டாக்டர்," என்றாள்.