பாம்பு சாப்பிட்டதா?

ஷார்ஜாவில் நான் சமையலுக்கு இருந்த வீட்டில் மேடத்தின் மகள் ஒரு சோளப்பாம்பு வளர்த்தாள். விஷமில்லாதது. கோடை லீவுக்குக் குடும்பமே ஊருக்குப் போனபோது அதை என் பொறுப்பில் விட்டுப்போனார்கள். ஐஸ்பெட்டியில் உறைந்து கிடக்கும் எலியை வெந்நீரில் இளக்கி, வாரம் ஒரு தடவை இடுக்கியால் நீட்ட வேண்டும். எனக்கு எழுத்துதான் வராது. சொன்ன வேலையில் பிசகியதில்லை.

ஆனால் பாம்பு எலியைத் தொடவே இல்லை. யாருக்குச் சோறு போட்டாலும் பக்கத்தில் நின்று பரிமாறித்தான் எனக்குப் பழக்கம். கண்ணாடிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, "சாப்பிடு ராசா" என்று கெஞ்சினேன். அது சுருண்டே கிடந்தது. மேடம் போன் செய்யும்போதெல்லாம், "பாம்பு சாப்பிட்டுச்சா?" என்பார். இல்லையென்று சொல்லிச் சொல்லி எனக்கே சோறு இறங்கவில்லை. செத்துப்போனால் என்ன பதில் சொல்வது?

எலிப் பாக்கெட் கொண்டுவந்த கடைக்காரத் தம்பி யாழ்ப்பாணத்துக்காரர். பாம்பை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கள் முன்னால இருந்து பாத்துக்கொண்டிருந்தா அது எப்பிடியம்மா தின்னும்? எலியை வச்சிட்டு, துணியால மூடிப்போட்டு அங்கால போங்கோ."

"புது மாப்பிள்ளை மாதிரி வெக்கப்படுதாக்கும்!" என்றேன்.

செருப்பை மாட்டியவர் திரும்பினார். "நீங்கள் சாப்பிட்டாச்சோ அம்மா?"

அந்த வீட்டில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "ஆச்சு தம்பி" என்று விறைப்பாகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். பொய்தான். எலியை வைத்துப் பெட்டியைத் துணியால் மூடிவிட்டு அடுக்களைக்குப் போய், ரசஞ்சோறு வயிறாரச் சாப்பிட்டேன்.

காலையில் துணியை விலக்கினால் எலி இல்லை. பாம்பின் வயிறு உப்பியிருந்தது. மேடம் போன் செய்தார்.

"பாம்பு சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு மேடம்."

"அப்பாடா!" என்று போனை வைக்கப் போனார். நானும் சாப்பிட்டேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கேட்காதவரிடம் அதை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.