ரிசீவரை முதலில் வைப்பது யார்

1976 மார்ச் 9. தொலைபேசி இணைப்பு. 80 டொலர்.
1977 ஏப்ரல் 19. கம்பளம் கழுவியது, இரண்டு அறை. 18 டொலர்.
1977 ஜூன் 7. சமையல் பாத்திரத் தொகுதி, முற்பணம். 10 டொலர்.
1977 ஜூலை 12. விசில் ஒன்று. 95 சதம்.
1977 ஆகஸ்ட் 22. கொழும்புக்குத் தந்தி. 3 டொலர் 60 சதம்.

தொலைபேசிப் புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்தில் விக்னராஜா எழுதி வைத்த கணக்கு இவ்வளவுதான். இவற்றுள் விசில் ஒருநாளும் ஊதப்படவில்லை. தந்திக்குப் பதில் வரவில்லை.

அவருடைய மனைவி நாகேஸ்வரி 1941இல் காரைநகரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் மனையியல் படிப்பித்தார். 1976 ஜனவரியில் கணவருடன் சிட்னிக்கு வந்தார். விக்னராஜாவுக்கு நகரத்தில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை. ஹோம்புஷில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட, மூன்றாம் மாடியில் ஒரு பிளாட் எடுத்தார்கள். பிள்ளைகள் இல்லை. நாகேஸ்வரிக்குத் தாய் தகப்பனும் இல்லை. உடன்பிறப்பென்று ஒரே ஓர் அண்ணன், கேதீஸ்வரன். கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அவரோடு இருந்தார்கள். அந்த வீட்டில் தொலைபேசி இல்லை, அலுவலகத்தில் இருந்தது. எண்பது டொலர் கொடுத்து ஹோம்புஷில் தொலைபேசி எடுத்ததே, ஏதும் அவசரமென்றால் அண்ணன் கூப்பிடட்டும் என்றுதான்.

குசினி வாசலோரம், ஒரு கால் ஆடுகிற ஸ்டூலின்மேல் அது இருந்தது. முதல் வருடம் அதில் தூசி தட்டியதுதான் வேலை. அடுத்த வருடத்துப் புத்தகத்தில் பெயர் அச்சாகி வந்த பிறகு மணி அடிக்கத் தொடங்கியது. அண்ணன் அல்ல. பிறைட்வேல் வீட்டுச் சேவை என்றொரு கம்பனி. கம்பளம் கழுவ வேண்டுமா, திரைச்சீலை மாற்ற வேண்டுமா, அடிப்பிடிக்காத பாத்திரம் வேண்டுமா என்று கேட்டார்கள். கிழமைக்கு ஒன்று என்று வந்தது, நாளுக்கு மூன்று நான்கு என்று ஆனது.

நாகேஸ்வரி வளர்ந்த வீட்டில் ஓர் ஒழுங்கு இருந்தது. வந்தவர்தான் எழும்ப வேண்டும். அவர் "அப்ப நான் போட்டு வாறன்" என்று வாயால் சொல்லும் வரைக்கும் வீட்டுக்காரர் மணிக்கூட்டைப் பார்க்கக் கூடாது, கொட்டாவி விடக் கூடாது, பக்கத்தில் கிடக்கும் விளக்குமாற்றில் கை வைக்கக் கூடாது. இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நடக்கப் பழகியதைப் போல அது வந்திருந்தது. தொலைபேசி வீட்டுக்குள் வந்தபோது இந்த ஒழுங்கும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டவர் விருந்தாளி, எடுத்தவர் வீட்டுக்காரர். ஆகவே கூப்பிட்டவர் விடைபெற வேண்டும். அதற்குப் பிறகுதான் ரிசீவரை வைக்கலாம்.

கூப்பிட்டவர்கள் விடைபெறவில்லை.

ஒரு சனிக்கிழமை விக்னராஜா சந்தைப் பையோடு ஏறி வந்தபோது குசினியில் பருப்புக் கருகிப் புகை நின்றது. நாகேஸ்வரி ரிசீவரைக் காதில் வைத்தபடி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். வயர் அடுப்பு வரைக்கும் எட்டாது. விக்னராஜா அடுப்பை அணைத்தார், ரிசீவரை வாங்கினார், வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லி வைத்தார்.

"பருப்பு எரியுது, நீர் பாத்துக்கொண்டு நிக்கிறீர். ஏன் வைக்கேல்லை?"

"அந்த மனிசி கதைச்சு முடிக்கேல்லையே."

"அவ முடிக்க மாட்டா. முடிக்காமல் இருக்கிறதுக்குத்தான் அவவுக்குச் சம்பளம்."

"உங்களுக்கென்ன, டக்கெண்டு வைச்சிடுவியள். மூஞ்சியில கதவைச் சாத்தின மாதிரி இருக்கு எனக்கு."

விக்னராஜா வீட்டில் இருந்தால் அப்படி ஒரு சொல்லோடு முடிந்துவிடும். ஆனால் அவர் காலை ஏழரை ரயிலில் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார். பிறைட்வேல்காரர்களுக்கு அந்த நேரமும் தெரிந்திருந்தது.

கீழ்மாடியில் சந்திரகலா இருந்தார். கோயம்புத்தூர்க்காரர். கணவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். கலாவின் வாயில் ஒன்றும் நிற்காது.

"ஏன் நாகேஸ், போன்ல பேசுறவன் என்ன உங்க சம்பந்தியா? கோவிச்சுக்குவான்னு பயப்படுறீங்க?"

"நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"நானா? இது சுடுகாடு, ஆள் இல்லேன்னு சொல்லி வெச்சுடுவேன். உங்களுக்கு அது வராது. ஒரு விசில் வாங்கி வெச்சுக்கங்க. ஒரு ஊது, காது கிழிஞ்சுடும். அப்புறம் ஜென்மத்துக்கும் கூப்பிட மாட்டான்."

விக்னராஜா விசில் வாங்கிக் கொடுத்தார். நாகேஸ்வரி அதை ஸ்டூலில் தொங்கவிட்டார். எடுத்து ஊத மனம் வரவில்லை, யாரோ பெற்ற பிள்ளையின் காது. பால் பொங்குகிறது என்று சொல்லிப் பார்த்தார். "பரவாயில்லை, காத்திருக்கிறேன்" என்றார்கள். தன் பெயரை வெட்டிவிடும்படி கேட்டார். அதற்கு மேற்பார்வையாளரிடம்தான் பேச வேண்டும் என்று இணைத்தார்கள். அந்த மேற்பார்வையாளர்தான் பாத்திரத் தொகுதியை விற்றவர். கம்பனி முகாமையாளருக்கு விக்னராஜா பதிவுத் தபாலில் எழுதிய கடிதத்துக்கு ஒரு வரி பதில் இல்லை. மணி அடிக்க அடிக்க விடலாம், கலா மட்டும் இரண்டு தரம் அடித்து வைத்துவிட்டு மறுபடி கூப்பிடட்டும் என்று ஒரு குறியும் வைத்துப் பார்த்தார்கள். கலாவுக்கு அது சரி. கொழும்பிலிருந்து இணைப்புத் தரும் ஒப்பரேற்றருக்கு அந்தக் குறி எப்படித் தெரியும்?

கடைசியில் விக்னராஜா தொலைபேசி அலுவலகத்தில் விசாரித்து வந்தார். புத்தகத்தில் அச்சாகாத இலக்கம் ஒன்று தருவார்களாம். வேறு ஒருவருக்கும் சொல்ல மாட்டார்களாம். ஆனால் அது புதிய இலக்கமாக இருக்கும், பழையது செத்துவிடும். ஆகஸ்ட் 14, ஞாயிறு இரவு, படிவத்தை நிரப்பி, உறையில் போட்டு, முத்திரை ஒட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார்கள். அண்ணனுக்குப் புது இலக்கத்தை எழுதினால் போயிற்று என்று நினைத்தார்கள்.

அந்தக் கிழமை இலங்கையில் கலவரம் தொடங்கியது. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிகின்றன என்று வானொலியில் மூன்று வசனம் சொன்னார்கள். அதன் பிறகு கிரிக்கெட் பற்றிச் சொன்னார்கள்.

ஜூலையில் அங்கே தேர்தல் முடிந்த கையோடு அண்ணன் எழுதிய கடிதம் இருந்தது. "ஊர் சரியில்லை. ஏதும் எண்டால் ஒபீஸில இருந்து கோல் எடுப்பன். உன்ர நம்பரைப் பாடமாக்கி வைச்சிருக்கிறன்" என்று எழுதியிருந்தார். அவருக்குத் தெரிந்தது அந்த ஓர் இலக்கம்தான். கப்பல் கம்பனிக்கு இங்கிருந்து அழைப்புப் பதிந்தார்கள். எடுக்க ஆள் இல்லை. வீட்டு விலாசத்துக்குத் தந்தி அடித்தார்கள். படிவம் பெட்டியின் மேலேயே கிடந்தது. இந்தத் தொல்லையை நிறுத்த இருந்த ஒரே வழியை இனித் தொடவும் முடியாது.

நாகேஸ்வரி கதிரையைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். கடைக்குப் போகவில்லை. பாணும் பாலும் கலா கொண்டுவந்து வைத்தார். குளிக்கும்போது கதவு திறந்திருந்தது. ரிசீவரை எடுத்துக் கீழே வைக்க முடியாது, அண்ணன் கூப்பிடலாம். மணி அடிக்க எடுக்காமல் இருக்க முடியாது, அது அண்ணனாக இருக்கலாம். எடுத்தால் பிறைட்வேல்.

ஆகஸ்ட் 26, வெள்ளி பிற்பகல், மணி அடித்தது. இளம் பெண் குரல். பெயர் ஷரன் என்றாள். காகிதத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசிப்பதைப் போலப் பேசினாள். உங்கள் வீட்டில் எத்தனை ஜன்னல், எந்தத் திசையில் வெயில் வரும் என்று கேட்டாள்.

"நான் ஒரு முக்கியமான அழைப்புக்குக் காத்திருக்கிறேன்" என்றார் நாகேஸ்வரி, பாடசாலை ஆங்கிலத்தில்.

"ஒரே ஒரு நிமிடம்தான், மிசிஸ் விக்னா" என்றாள் ஷரன். இடையில் பேசியதால் வாசித்த இடம் அவளுக்குத் தவறிவிட்டது. முதலிலிருந்து தொடங்கினாள். இப்போது விடைபெறுவாள், இந்த வசனத்தோடு விடைபெறுவாள் என்று நாகேஸ்வரி காத்திருந்தார். கடைசியில் லைன் தானாகவே அறுந்து போகும் வரைக்கும் ரிசீவர் காதிலேயே இருந்தது.

வைத்த உடனே மறுபடி மணி. வெளிநாட்டு ஒப்பரேற்றர்.

"கொழும்பிலிருந்து உங்களுக்கு ஓர் அழைப்பு இருந்தது, அம்மணி. மூன்று முறை முயன்றோம். உங்கள் லைன் பிஸி. அழைத்தவர் இனி நிற்க முடியாது என்று போய்விட்டாராம்."

"ஆர்? பெயர் என்ன சொன்னவர்?"

"பெயர் எங்களிடம் இல்லை. உங்கள் இலக்கம் மட்டும்தான்."

அண்ணனா? அண்ணனைப் பற்றிச் சொல்ல வேறு யாருமா? நாகேஸ்வரி அன்று விளக்கைப் போடாமல் இருந்தார். விக்னராஜா வந்து கேட்டறிந்து, தானே தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான்தானே பிடிச்சுக்கொண்டிருந்தனான்" என்றார் நாகேஸ்வரி.

"சரி, விடும். திரும்ப எடுப்பார்."

திரும்ப எடுக்கவில்லை. ஆகஸ்ட் 31, புதன்கிழமை, எடுத்தது ஷரன்தான்.

"மிசிஸ் விக்னா, அன்றைக்கு ஜன்னல் கணக்குப் பாதியில் நின்றுவிட்டது."

நாகேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. பத்து வருடம் வகுப்பில் பேசிய குரல் வந்தது. அண்ணனைப் பற்றி, கலவரத்தைப் பற்றி, அந்த மூன்று முயற்சிகளைப் பற்றி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். "இப்போதும் அவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். பிள்ளை, தயவு செய்து நீங்கள் வையுங்கள்" என்றார்.

ஷரன் குரலைத் தாழ்த்தினாள். "என்னால் வைக்க முடியாது. நாங்கள் முதலில் வைக்கக் கூடாது, அதுதான் இங்கே முதல் சட்டம். மேற்பார்வையாளர் பின்னால் நிற்கிறார். நீங்கள்தான் வைக்க வேண்டும்."

"நானா?"

"எல்லோரும் எங்கள் மூஞ்சியில் வைப்பார்கள். நீங்கள் மட்டும்தான் வைப்பதில்லை. புதிதாக வருபவர்களுக்கு முதல் நாள் உங்கள் இலக்கத்தைத்தான் கொடுப்பார்கள். பேசிப் பழக."

மனையியல் வகுப்பில், தையல் பழகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பழைய துணித்துண்டு ஒன்று இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் குத்தி இழுத்து, ஓட்டை ஓட்டையாய்க் கிடக்கும். நாகேஸ்வரிக்கு அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. அங்கே அவள் வைக்க மாட்டாள். இங்கே இவர் வைக்க மாட்டார். நடுவில் அண்ணனுக்கு வழி இல்லை.

வந்தவரைப் போகச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்காரருக்கே வெளியில் ஓர் அலுவல் வந்தால்? காரைநகரில் அதற்கும் ஒரு சொல் இருந்தது. செத்தவீடு, ஆஸ்பத்திரி என்று எழும்ப வேண்டி வந்தால் வீட்டுக்காரர் அதைச் சொல்லிக்கொண்டு இறங்குவார், வந்தவரும் கூடவே எழும்பிவிடுவார்.

"நீங்கள் இருங்கோ பிள்ளை. நான் போட்டு வாறன்" என்றார் நாகேஸ்வரி, தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்தில், வெளியே போகிறேன் என்றார். ரிசீவரை மெதுவாக வைத்தார்.

சொன்னது பொய்யாகக் கூடாது. குடையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து படிக்கட்டுத் தளத்துக்குப் போய் நின்றார். அதற்கு அப்பால் போக முடியாது, மணி கேட்காது. கதவை அகலத் திறந்து வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

அதன் பிறகு எந்த விற்பனைக் குரலுக்கும் அதே சொல், அதே குடை, அதே தளம். ஒருநாள் பால் போத்தலோடு ஏறி வந்த கலா பார்த்துவிட்டார்.

"என்ன நாகேஸ், வெயில் நாள்ல குடையோட நிக்கிறீங்க. வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களா?"

"ஓம். வந்தவை இருக்கினம். நான்தான் வெளிக்கிட்டனான்."

கலா சிரித்தார். நாகேஸ்வரியும் அந்தக் கிழமைகளில் அன்று ஒருதரம் சிரித்தார்.

பழக உதவாத துணியை யார் வைத்திருப்பார்கள்? பிறைட்வேல் அழைப்புகள் குறைந்தன. செப்டெம்பர் நடுப்பகுதியில் நின்றே விட்டன. அதுவரை ஒவ்வொரு மணிக்கும் அண்ணன் என்று ஒரு துடிப்பாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. லைன் செத்துவிட்டதோ என்று நாகேஸ்வரி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். உயிர் இருக்கும். அந்தக் கணத்தில்தான் அண்ணன் கூப்பிட்டிருப்பாரோ என்று பதறி வைப்பார். கதிரை இருந்த இடத்திலேயே இருந்தது.

காரைநகர்த் தபால் முத்திரையோடு கடிதம் வந்தது. அண்ணனின் கையெழுத்து. நாகேஸ்வரி விலாசத்தை மட்டும் பார்த்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பிரித்தார்.

"தங்கச்சி, 26ஆம் திகதி ஒளிச்சு ஒளிச்சு ஒபீஸுக்குப் போய்க் கோல் எடுத்தனான். மூண்டு தரமும் பிஸி. வெளியில லொறி நிண்டது, ஆக்களை யாழ்ப்பாணம் போற கப்பலுக்குக் கொண்டுபோக. அண்ணியும் பிள்ளையளும் அதில ஏறிட்டினம். நாலாந்தரம் கேக்க நேரமில்லை. வீடு எரிஞ்சு போச்சு. உடுத்த உடுப்போட ஊருக்கு வந்திட்டம், நாலு பேரும் சுகம். அது கிடக்க, ஆரோடயடி அவ்வளவு நேரம் கதைச்சனி?"

கடைசிப் பக்கத்தில் இன்னும் இருந்தது.

"கப்பலில வந்த சனத்தில கனபேர் வெளிநாட்டில ஒரு தொடர்பும் இல்லாத ஆக்கள். பிறகு ஏதும் நடந்தால் ஆருக்குச் சொல்லுறது எண்டு கேட்டினம். உன்ர நம்பரைக் கேட்ட எல்லாருக்கும் எழுதிக் குடுத்திட்டன். எந்த நேரமும் ஆரும் எடுப்பினம். நம்பரை மட்டும் மாத்திப்போடாதை."

மாலையில் விக்னராஜா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த உறையை எடுத்து, என்ன செய்வது என்பதைப் போல மனைவியைப் பார்த்தார். நாகேஸ்வரி அதை வாங்கி, முத்திரையோடு நாலாக மடித்து, தொலைபேசி ஸ்டூலின் ஆடுகிற காலுக்குக் கீழே கொடுத்தார். ஸ்டூல் அசையாமல் நின்றது. கதிரையை எடுக்கவில்லை. குடையையும் ஸ்டூலிலேயே மாட்டிவிட்டார், விசிலுக்குப் பக்கத்தில்.

கடிதம் ஹோம்புஷ் வீட்டுக்கு வந்த திகதி 1977 செப்டெம்பர் 19, திங்கட்கிழமை.