கோயில்காட்டிலிருந்து வெளியே வந்தவை

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த தேவனூர் நாட்டில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால், நெல் வயல்களுக்கு மேலே, ஒரு கோயில்காடு இருக்கிறது. அதற்குள்ளிருந்து எதையும் வெளியே கொண்டுவரக் கூடாது. காய்ந்த குச்சி, தேன், காளான் எதுவும் கூடாது. பலாப்பழம் விழுந்து கிடந்தால் அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டுக் கொட்டையையும் அங்கேயே போட்டுவிட்டு வர வேண்டும். எல்லைக் கல்லைத் தாண்டும்போது எல்லோரும் காலை உதறுவார்கள். பாதத்தில் ஒட்டிய சருகுகூட வெளியே வந்துவிடக் கூடாது. மீறி எடுத்துவந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான கதைகளில் மாடு சாகும்.

உள்ளே கொண்டுபோவதற்குத் தடை எதுவும் இல்லை. விதி உண்டான காலத்தில் அப்படியொரு தேவை யாருக்கும் தோன்றியிருக்காது.

காட்டின் ஓரம்வரை தார் ரோடு வந்தது. யாரோ காட்டை வீடியோ எடுத்துப் போட்டார்கள். அதன்பிறகு சனி, ஞாயிறுகளில் கார்கள் வருகின்றன. செய்தித்தாளில் வேலை பார்த்த பழக்கத்தில், ஒருநாள் உள்ளே கிடந்தவற்றை வகை பிரித்துப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில்களும் சிப்ஸ் பாக்கெட்டுகளும் காரில் வந்தவை. கற்பூரக் கவர், எண்ணெய் பாக்கெட், பன்னீர் பாட்டில் ஆகியவை ஊருடையவை. பால் கவரும் அப்படித்தான். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் மாடு உள்ள ஊரில், அபிஷேகத்துக்கான பால் சோளக்காட்டுக் கடைத்தெருவிலிருந்து பாக்கெட்டில் பஸ் ஏறி வருகிறது. கார்க்காரர்களின் பங்கு அதிகம், சந்தேகமில்லை. முழுப் பங்கும் அவர்களுடையது என்று மட்டும் எழுத முடியாது.

கோடை முடியும்போது ஒரே ஒரு பெரிய மழை பெய்தது. காட்டுக்குள் பரவிக் கிடந்ததையெல்லாம் அது ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த இடம் ஊற்றின் வாய். ஊற்றுத் தண்ணீர் இரண்டு பாறைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கின் வழியாகத்தான் வயலுக்கு இறங்கும். இடுக்கு அடைந்தது. தண்ணீர் பக்கவாட்டில் திரும்பி, யாருக்கும் பயன்படாத பள்ளத்தில் போய் இறங்கியது. பிறகு மழை இல்லை.

இடுக்குக்கு நேர் கீழே இருப்பது என் வீட்டுக்கார அம்மாவின் வயல். கணவர் இல்லை. மகள்களைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வருடத்துக்கு ஒருமுறை விளையும் அந்த நெல்தான் அவருக்குச் சாப்பாடு. நாற்றங்காலில் நாற்று ஒரு சாண் உயரம் வந்திருந்தது. தண்ணீர் நின்ற சில நாட்களில் நுனி பழுக்கத் தொடங்கியது.

கோயில்காட்டுப் பூசாரி அவருடைய கணவரின் தம்பி. அவர் வீட்டு வாசலில் போய் நின்று இந்த அம்மா பேசியது என் ஜன்னல்வரை கேட்டது.

"ஏனுங்க பூசாரி, உங்க சாமி என் நாத்தைக் காய வெக்குது."

"சாமி என்னங்க அண்ணி பண்ணும்? பாட்டிலுல்ல அடைச்சிருக்குது."

"அப்ப எடுத்துப் போடுங்க."

"எடுக்கலாமுங்க. எங்க போடறது?"

"வெளியில."

"வெளியில வரக்கூடாதுங்களே."

"மரத்துல காச்சதா அது? கடையில வாங்குனது."

"எங்க காச்சா என்னங்க. உள்ள வந்திருச்சு. வந்தது அவரோடது."

"சிப்ஸ் பாக்கெட்டு அவருக்கு எதுக்கு?"

"அதைய நீங்களும் நானும் கேக்கறதுக்கு இல்லீங்க."

பூசாரி கெட்டவர் அல்ல. மறுநாளே போய் இடுக்கைச் சுத்தம் செய்தார். உள்ளே இருப்பதை உள்ளேயே இடம் மாற்றுவதில் தவறில்லை. எல்லாவற்றையும் சிமெண்ட் சாக்கில் கட்டி மேட்டுப்பாறையில் வைத்தார். குரங்குகள் சாக்கைப் பிரித்துப் பார்த்தன. பார்த்து முடித்ததைத் தண்ணீரில் போட்டன.

ஊராட்சி அலுவலகத்தில் கேட்டபோது அது வனத்துறை இடம் என்றார்கள். வனத்துறைக்காரர் அது கோயில் இடம் என்றார். கோயில் என்றால் பூசாரி. பூசாரி சாமியைக் காட்டினார். கீழே ஊரிலிருந்து தன்னார்வலர்களைக் கூப்பிடலாமே என்று நான் சொன்னேன்.

"வெளியாளு எடுத்தாலும் சாவறது எங்க மாடுதானுங்க சார்," என்றார் பூசாரி.

ஆனால் ஒரு வழி இருந்தது. அதையும் அவர்தான் சொன்னார். காட்டுக்குள் யாராவது அரிவாளையோ துண்டையோ மறந்து வைத்துவிட்டு வந்தால், போய்ச் சாமியிடம் பூக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். மறந்து வைத்தது காணிக்கை ஆகாது. சொந்தக்காரரே வந்து, இது என்னுடையது என்று சாமியிடம் சொல்லி, தன் கையால் எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. ஆகவே பாட்டில்களின் சொந்தக்காரர்கள் வந்தால் விஷயம் முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அம்மா ரோட்டில் நின்று ஒவ்வொரு காராகக் கேட்டார். வந்தவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். ஒரு குடும்பம், தங்கள் குப்பை வண்டியிலேயே இருக்கிறது என்று கவரைத் தூக்கிக் காட்டியது. உண்மைதான், இருந்தது. ஒரு இளைஞர் இதெல்லாம் போன வாரம் வந்தவர்கள் வேலை என்றார். அருவிக்கு வழி கேட்டுக்கொண்டு சிலர் கிளம்பிவிட்டார்கள்.

"போன வாரம் வந்தவங்களும் அதுக்கு முந்தின வாரம்னுதான் சொல்லியிருப்பாங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு நாற்றங்காலைப் பார்க்கப் போனார். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிய இடம் பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் இருந்தது. மஞ்சள்தான் அதிகம்.

செவ்வாய்க்கிழமை காலையில் காலிச் சாக்குகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு காட்டுக்குப் போனார். பூசாரியை வரச் சொல்லியிருந்தார். செய்தி பரவி ஊரில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். சாமி என்பது ஒரு நட்ட கல். பூசாரி அதன்மேல் தண்ணீர் ஊற்றி, உச்சியில் ஒரு பூவை ஒட்டவைத்தார். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம்.

"என்ன கேக்கோணுங்க அண்ணி?"

அவர் பூசாரியைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துச் சொன்னார்: "சாமி, இங்க கெடக்கறது பூராவும் என்னோடது. மறந்து போட்டுட்டேன். எடுத்துக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. இடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகக் குச்சியால் தூக்கிக் காட்டினார்.

"இத்தனை தண்ணி பாட்டிலும் உங்களுதுங்களா?"

"ஆமா."

"எல்லாத்தையும் குடிச்சீங்களா?"

"தாகம்."

ஒரு ட்யூபைத் தூக்கினார். "இது வெயிலுக்கு மூஞ்சியில பூசறதுங்க."

"பூசுவேன்."

கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது. ஆயுள் முழுவதும் வெயிலில் நின்ற முகம் அது. அடுத்து குச்சியின் நுனியில் வந்தது குழந்தைகளுக்குக் கட்டும் டயாப்பர். பூசாரி அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"இதுங்க?"

"அதும் எனக்குத்தான்."

இந்தமுறை எல்லோரும் சிரித்தார்கள். பூசாரி குரலைத் தாழ்த்தினார். "அண்ணி, சாமிகிட்டப் பொய் சொல்லக்கூடாதுங்க."

"பொய்யின்னா அவரு சொல்லட்டும். நீங்க எதுக்குக் குறுக்க?"

அதில் பாதியை என்னுடையது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றேன். வீட்டுக்கார அம்மா திரும்பிப் பார்த்தார்.

"உங்க நாத்தா சார் காயுது?"

கற்பூரக் கவர்களும் பால் கவர்களும் வெளியே வந்தபோது சிரிப்பு குறைந்தது. பூசாரி அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. அவையும் தன்னுடையவை என்று வீட்டுக்கார அம்மா தானாகவே சொன்னார். சுற்றி நின்றவர்களில் யாரும் மறுக்கவில்லை.

பூ கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வலப்பக்கம் விழுந்தது. ஒட்டும்போதே பூசாரி அதைச் சற்று வலப்பக்கமாக வைத்தது போல எனக்குப் பட்டது. நான் நின்றது பக்கவாட்டில். அங்கிருந்து பார்த்ததை உறுதியாகச் சொல்ல முடியாது.

சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்பதால், அவர் ஒருவரே எல்லாவற்றையும் பொறுக்கினார். ஊர் நின்று பார்த்தது. சாக்குகளை ஒவ்வொன்றாக முதுகில் தூக்கிக்கொண்டு எல்லைக் கல்லைத் தாண்டினார். தாண்டும்போது காலை உதறினார். மதியத்துக்குள் தண்ணீர் நாற்றங்காலுக்கு வந்துவிட்டது.

அடிவாரத்திலிருந்து வந்த பழைய சாமான் வியாபாரி பாட்டில்களை எடுத்துக்கொண்டு, கவர்களை வேண்டாம் என்றுவிட்டார். அவை வீட்டின் பின்சுவரோரம் சாக்கிலேயே இருக்கின்றன. நாற்றில் ஒரு பகுதி பிழைக்கவில்லை. மிச்சத்தைக் கொஞ்சம் இடம்விட்டு நட்டார்.

கார்கள் இப்போதும் வருகின்றன. ஊரைப் பொறுத்தவரை விஷயம் தீர்ந்துவிட்டது. சாமியே ஒப்புக்கொண்ட சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். திங்கட்கிழமை காலையில் பூசாரி வேலியோரம் நின்று, "உங்க சாமான் கொஞ்சம் கெடக்குதுங்க அண்ணி," என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த அம்மா சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

சென்ற மாதம் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, உங்க பாக்கெட்டு ஒண்ணு எங்க மொளகுக் கொடியில மாட்டியிருக்குதுங்க. வந்து எடுத்துக்கங்க."

"என் பாக்கெட்டா?"

"கோயில்காட்டுல இருந்து காத்துல வந்துச்சுங்க. அங்க கெடக்கறது பூராவும் உங்களுதாமா."

வீட்டுக்கார அம்மா வயல் பக்கம் பார்த்தார். தன்னுடையது இல்லை என்றால் அந்தப் பேச்சு பூசாரியிடம் போகும், அங்கிருந்து கல்லிடம் போகும். அப்புறம் இடுக்கில் அடைவதை அவரும் எடுக்க முடியாது. கதிர் இன்னும் வெளிவரவில்லை. அறுப்புவரை வயலில் தண்ணீர் நிற்க வேண்டும்.

"என்ன கலருங்க?" என்று கேட்டார்.

"பச்சைங்க."

"ஆமா, என்னோடதுதான்," என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டார்.